ஆறுச்சாமி மேஸ்திரியின் காது

ஆறுச்சாமி மேஸ்திரி சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டால் மீதி இருப்பதுதான் பொய் என்று எங்கள் ரோட்டில் ஒரு கணக்கு உண்டு. கழித்த பாதி என்னவென்று கேட்பீர்கள். அது பெரும்பொய்.

காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகிற ரோட்டில், தேங்காய்க் களங்களைத் தாண்டினால் மூன்று கடைகள் ஒட்டி ஒட்டி இருக்கும். நடுவில் மேஸ்திரியின் ஒர்க்‌ஷாப். ஒரு பக்கம் நாச்சிமுத்துவின் லேத்துப் பட்டறை. மறுபக்கம் என்னுடைய ஆயில் கடை. நாச்சிமுத்துவும் மேஸ்திரியும் ஒன்றாகப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டவர்கள். அதனால் அவருக்கு மேஸ்திரியிடம் பயமில்லை. நான் வயதில் சின்னவன், மாமா என்று கூப்பிடுகிறவன். அதனால் எனக்குத் தப்பிக்க வழியில்லை.

போன கோடை லீவில் மயிலாத்தாவின் வேன் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேன். ஓட்டுகிறதும் அவள்தான், அதை நம்பிக் குடும்பம் நடத்துகிறதும் அவள்தான். இன்ஜினை முழுசாக இறக்கி, பிரித்து, கழுவி, தேய்ந்ததை மாற்றிப் புதுசாகக் கட்டுகிற வேலை. மேஸ்திரி லீவு முழுக்க இழுத்து, பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தைய வாரத்தில் ஒருவழியாகப் பூட்டினார்.

பூட்டுகிற அன்றைக்கு மேஸ்திரியின் பூஜையைப் பார்க்க வேண்டும். மற்ற ஒர்க்‌ஷாப்புகளில் வேலை முடிந்ததும் இன்ஜினுக்கு வெளியே ஒரு பொட்டு வைத்து, சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்குவார்கள். மேஸ்திரிக்கு அது பத்தாது. உள்ளே போகிற ஒவ்வொரு சாமானுக்கும் பொட்டு வைத்தால்தான் அவருக்குக் கை ஓடும். வெறும் சந்தனம் ஆயிலில் கரைந்துபோகிறது என்று அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார். கேஸ்கெட் ஒட்டுகிற பசையில் சந்தனத்தைக் குழைத்துவிடுவார். "இது ஆயில்ல கரையாது, பெட்ரோல்ல கரையாது. வண்டி பேரீச்சம்பழத்துக்குப் போனாலும் பொட்டு போகாது" என்று அன்றைக்கும் சொன்னார். மயிலாத்தா கும்பிட்டுக்கொண்டு நின்றாள். எதிரில் கிடந்த என் ஆயில் டின்னுக்கும் ஒரு பொட்டு விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வண்டியை எடுத்துப்போக வந்தாள். அடுத்த நாள் பள்ளிக்கூடம். சாவியைத் திருகினாள். இன்ஜின் உடனே பிடித்துக்கொண்டது. கூடவே இரும்புச் சட்டியைக் கரண்டியால் தட்டுகிற மாதிரி டக்கு டக்கு டக்கு என்று ஒரு சத்தம் கிளம்பியது.

"அது ஒண்ணுமில்ல அம்மிணி. லிப்டர்" என்றார் மேஸ்திரி. "புதுசாக் கட்டுன இன்ஜின்ல்ல? ஆயில் ஏறீட்டு இருக்குது. சித்தெ ஓடுனா அதுவே அடங்கிக்கும்."

லிப்டர் என்பது வால்வின் தலைமேல் உட்காருகிற ஒரு சின்னக் குப்பி. அதற்குள் ஆயில் நிறைந்தால் விறைப்பாக நின்று இடைவெளியை அடைத்துக்கொள்ளும். நிறையாவிட்டால் இரும்பும் இரும்பும் அடித்துக்கொள்ளும். புது இன்ஜினில் கொஞ்ச நேரம் தட்டுவது சகஜம்தான். டீ வந்தது. டீ குடித்து முடித்தோம். டம்ளரும் திரும்பிப் போயிற்று. சத்தம் மட்டும் போகவில்லை.

மேஸ்திரி மெதுவாக என் பக்கம் திரும்பினார். "மாப்ள, உன்ற கடை ஆயில் கஞ்சியாட்ட இருக்குது. எப்படி ஏறும்?"

எனக்குச் சுருக்கென்றது. "அதே டின்னுல இருந்துதான் மாமா நேத்து உங்க வண்டிக்கும் ஊத்துனீங்க."

"என்ற வண்டி நாஞ் சொன்னாக் கேட்டுக்கும்."

"மேல் மூடியக் கழட்டிப் பாத்தரலாங்ளாண்ணா?" என்றாள் மயிலாத்தா.

மேஸ்திரிக்கு வந்ததே கோபம். "கழட்டறதா? வயித்தக் கிழிச்சுப் பாத்துட்டு வயித்துவலின்னு சொல்றவன் டாக்டரா அம்மிணி? கழட்டிப் பாத்துக் கண்டுபுடிக்கறவன் மெக்கானிக்கா?"

நீளமான திருப்புளியை எடுத்தார். நுனியை இன்ஜின் மூடியில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடினார். சாமி வரப்போகிறது என்று நினைத்தேன்.

"மூணாவது" என்றார். "இந்தப் பக்கத்துல இருந்து மூணாவது லிப்டர். மத்த ஏழும் தங்கம்."

"தங்கம்னா மூடி போட்டு மறைக்காம கழுத்துல மாட்டிக்கோ" என்றார் லேத்துக்குப் பக்கத்தில் நின்ற நாச்சிமுத்து.

அது போதும் மேஸ்திரிக்கு. பழைய டயரை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"இந்தக் காதப் பத்தி உங்களுக்கு என்னய்யா தெரியும்? ஒருக்கா ஊதியூர் மலை மேல சாமி கும்பிட்டுட்டு நிக்கறேன். கீழ ரோட்டுல ஒரு காரு போகுது. டக்குனு ஒரே ஒரு சத்தம். அவ்வளவுதான். மேல இருந்தே கையத் தட்டி, 'ஏனுங், ரெண்டாவது லிப்டர் போச்சுங், வண்டி தாராபுரம் தாண்டாதுங்'ன்னேன்."

"அவனுக்குக் கேட்டுதா?"

"அவனுக்கு எப்படிக் கேக்கும்? அவனுக்கென்ன என்ற காதா இருக்குது? ஆனா வண்டி தாராபுரம் தாண்டுல. விசாரிச்சுட்டேன்."

"தாராபுரம் அவன் ஊரா இருந்திருக்கும்" என்றார் நாச்சிமுத்து.

மேஸ்திரி அதைக் கண்டுகொள்ளவில்லை. உண்மை சொல்கிறவனுக்குத்தான் குறுக்குக் கேள்வி இடைஞ்சல்.

"அது கெடக்குது. வால்பாறையில ஒரு எஸ்டேட் மொதலாளி. புது இன்ஜின் கட்டுன காரு, இதே மாதிரி சத்தம். பாக்காத ஒர்க்‌ஷாப் இல்ல. கடைசியில யாரோ சொல்லி எனக்கு ஒரு போன் போட்டாரு. நான் எடுக்கறதுக்குள்ள கட்டாயிருச்சு. வெறும் மிஸ்டு கால். ஆனா மணி அடிக்கறப்பவே பின்னால அந்தச் சத்தம் வந்துது. நானே திருப்பிக் கூப்பிட்டு, 'மொதலாளி, ஆயில அளவுக்கு மேல ஊத்தீட்டீங்க. உள்ள சுத்தற கிராங்க் தண்டு அதக் கடைஞ்சு நொரையாக்குது. லிப்டருக்குள்ள ஆயில் போகாம நொரை போகுது. ஒரு சொம்பு எறக்குங்'ன்னேன். எறக்குனாரு. கம்முனு ஆயிருச்சு."

"மிஸ்டு கால்ல மணிதானே மாமா கேக்கும்? அதுவும் உங்க போன் மணி" என்றேன்.

"மணி என்னுது மாப்ள. சத்தம் அவருது."

மயிலாத்தா வண்டியை அணைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நம்புகிறாளா, நேரத்தைப் பார்க்கிறாளா என்று முகத்தில் தெரியவில்லை.

"இதெல்லாம் நின்ன வண்டி. ஓடற வண்டிக்கு வைத்தியம் பாத்திருக்கறேன் தெரியுமா? உடுமலையில இருந்து மூணாறு போறோம். மறையூர் தாண்டி ஏத்தம். பாதியில லிப்டர் தட்டுது. நிறுத்துனா வண்டி பின்னால உருண்டுரும். என்ன பண்றது? ஓட்டு ராசான்னு டிரைவர்கிட்டச் சொல்லிப்போட்டு, பானட்டத் தொறந்து உள்ள படுத்துட்டேன். ஒரு வால்வு தொறந்து மூடறதுக்குள்ள எவ்வளவு நேரம் இருக்கும்? கண்ணிமைக்கறதுல கால்வாசி. அந்தக் கால்வாசிக்குள்ள பழச எடுத்தேன், புதுசப் போட்டேன், மிச்சமிருந்த நேரத்துல கையத் தொடைச்சுக்கிட்டேன்."

"புது லிப்டரு உள்ள காலியால்ல இருக்கும்? ஆயிலுக்கு எங்க போன?" என்று கேட்டார் நாச்சிமுத்து.

"அங்க ஏது ஆயில்? வண்டியில வந்த ஒரு அம்மா தலைக்குத் தேய்க்கக் கொண்டாந்த தேங்காயெண்ணெய ஊத்துனேன். நம்ம காங்கேயத்து எண்ணெய், சும்மாவா? வண்டி பூனையாட்டப் போகுது. என்ன, பொகையில மட்டும் கொஞ்சம் வாசம். பின்னால வந்த பஸ்ஸ நிறுத்தி, நாலு பேரு எறங்கி வந்து பஜ்ஜி என்ன வெலைன்னு கேட்டாங்க."

"நீ வித்திருப்பயே."

"ரெண்டு பிளேட்டு."

சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்; முடியவில்லை. நாச்சிமுத்துவும் சிரித்தார். மயிலாத்தா சிரிக்கவில்லை. அவள் போன் அடித்தது. பிள்ளையை ஏற்றிவிடுகிற ஒரு வீட்டம்மா.

"வருமுங்க. நாளைக்குக் கரெக்டா வந்துரும்" என்றாள். "வேலை முடிஞ்சுதுங்க. ஓட்டிக்கூட பாத்தாச்சுங்க."

அந்த நேரம் பார்த்து மேஸ்திரி, தன் காதின் பெருமையை இன்னொரு தரம் காட்டுவதற்காக, சாவியைத் திருகிவிட்டார். டக்கு டக்கு டக்கு. மயிலாத்தா போனைப் பொத்திக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள். மிஸ்டு காலில் மேஸ்திரிக்குக் கேட்டதோ இல்லையோ, போனுக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாவுக்கு நிஜமாகவே கேட்டுவிட்டது.

திரும்பி வந்தபோது அவள் முகம் கறுத்திருந்தது. "பாதி வழியில நின்னா புள்ளைங்க என்ன பண்ணும்னு கேக்கறாங்க. புதுசா ஏசி வேன் வாங்குனவன் வீடு வீடாப் போய், அந்தக்கா வண்டி இனி ஓடாதுன்னு சொல்லீட்டு இருக்கறானாமா. பொழுது சாயறதுக்குள்ள உறுதியாச் சொல்லோணுமாமா. ஒரு வீடு போனா, எல்லா வீடும் போயிருமுங்ணா."

எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஒரு மனுஷன் இந்த இடத்தில் ஸ்பேனரைக் கையில் எடுப்பானா, மாட்டானா? மேஸ்திரி மூக்குப்பொடி டப்பாவை எடுத்தார்.

"அட, சத்தத்துக்குப் போய் பயப்படறாங்க பாரு! அம்மிணி, லிப்டர் சத்தம் மங்கள வாத்தியம். வெள்ளகோயில்ல ஒரு கண்ணாலம். முகூர்த்தத்துக்கு நேரமாச்சு, தவில்காரன் வருல. நாதஸ்வரக்காரர் மட்டும் வந்து முழிச்சுட்டு உக்காந்திருக்கறாரு. மாப்பிள்ளை காரு வெளிய நிக்குது. எட்டு லிப்டரையும் எட்டு வெதமா லூஸ் பண்ணி, மணவறை ஓரமாக் காரக் கொண்டாந்து நிறுத்தீட்டேன். அவரு ஊதறாரு, நான் ஆக்சிலேட்டர அமுத்தறேன். அய்யரு 'கெட்டிமேளம், கெட்டிமேளம்'னு கத்துனாரு பாருங்க, ஒரே மிதி! தாலி ஏறிப்போச்சு. காருக்குச் சால்வை போட்டாங்க."

"அந்தக் கண்ணாலம் நெலைச்சுதா?" என்றார் நாச்சிமுத்து.

"நெலைக்காம? ரெண்டு புள்ளைங்க. ரெண்டும் பொறந்தப்ப அழுவுல. டக்கு டக்குன்னுதான் கத்துச்சு. ஆஸ்பத்திரியில பயந்துபோய் எனக்குத்தான் ஆள் உட்டாங்க. ரெண்டு சொட்டு ஆயில் உட்டேன், அப்பறந்தான் மனுச அழுகை வந்துது."

"மாமா, போதும்" என்றேன். நெஞ்சில் கொஞ்சம் ஈரமிருக்கிறவன் அதோடு நிறுத்தியிருப்பான். இவருக்கு இருந்தது வாய் மட்டும்தான்.

"உள்ளூர்க்காரனுக்கு என்ற அருமை தெரியாது மாப்ள. சப்பான்ல இருந்து ரெண்டு இன்ஜினீயரு தேடி வந்தாங்க. ஒரு காரு சத்தம் போடுது, அவங்க கம்ப்யூட்டருக்கே தெரியுல. ஒயர அங்க சொருகறான், இங்க சொருகறான், ஒண்ணும் வருல. கடைசியில அந்த ஒயரப் புடுங்கி என்ற காதுல சொருகுனாங்க. அவ்வளவுதான்! டிவியில படமாட்டத் தெரியுது. எந்த லிப்டர், எவ்வளவு தேய்மானம், உள்ள ஆயில் எத்தன சொட்டு, எல்லாம். காத வெலைக்குக் கேட்டாங்க. ஒத்தக் காது மட்டும் போதும்னாங்க. நான் குடுக்குல."

"இந்தப் பக்கம் சொருகுன ஒயரு அந்தப் பக்கம் வெளிய வந்திருக்குமே. நடுவுல தடுக்கறதுக்குத்தான் ஒண்ணுமில்லையே" என்றார் நாச்சிமுத்து.

இந்த அடி கொஞ்சம் பட்டுவிட்டது போலிருக்கிறது. மேஸ்திரி எழுந்து நின்றார்.

"அவங்களுக்கே பாடம் சொல்லிக் குடுத்தவன்யா நான்! லிப்டர சோதிக்கக் கம்ப்யூட்டர் வேண்டாம்டா, இந்தக் கட்டைவெரல் போதும்ன்னேன். ஆயில் நெறஞ்ச லிப்டரு கல்லாட்ட நிக்கும், அமுக்குனா அசையாது. காலி லிப்டரு ரப்பராட்ட அமுங்கும். என்ற கையில பூட்டுன லிப்டரு, அந்த மூணாவதத் தவுத்து, ஒண்ணே ஒண்ணு அமுங்குச்சுன்னு காட்டுங்க. மேல இருக்கற போர்டக் கழட்டி அடுப்புல வெச்சுப்போடறேன்!"

போர்டு பெரியது. 'இன்ஜின் டாக்டர் ஆறுச்சாமி' என்று எழுதி, பக்கத்தில் ஒரு காதும் வரைந்திருக்கும்.

"சரிங்ணா. அமுக்கிப் பாத்தரலாம்" என்றாள் மயிலாத்தா.

அவர் கட்டைவிரலை நீட்டியபடியே நின்றார். அவள் அதற்குள் பத்தாம் நம்பர் ஸ்பேனரைத் தேடி எடுத்து, மூடியின் போல்டுகளைக் கழற்ற ஆரம்பித்துவிட்டாள். மேஸ்திரி, "சூடு ஆறட்டும்", "சகுனம் பாக்கோணும்", "இன்னிக்கி ஞாயித்துக்கெழமை" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். போல்டுகளும் ஒவ்வொன்றாகத் தட்டில் விழுந்தன.

மூடி வந்துவிட்டது. மூன்றாவது லிப்டரை அமுக்கினாள். புஸ்ஸென்று உள்ளே போயிற்று.

"சொன்னனா இல்லையா!" என்று மேஸ்திரி துள்ளினார். "காதுய்யா இது! மூணாவது!"

மயிலாத்தா முதலாவதை அமுக்கினாள். அதுவும் உள்ளே போயிற்று. இரண்டாவதும் போயிற்று. நாலு, அஞ்சு என்று கடைசிவரைக்கும் போனாள். அத்தனையும் அமுங்கியது.

"ஆறுச்சாமி, ஏழு தங்கமும் நசுங்குதப்பா" என்றார் நாச்சிமுத்து.

"ஆயில்! ஆயில் சரியில்லைன்னு நாந்தான் அப்பவே சொன்னனே! மாப்ள கடை ஆயில்…"

என் பொறுமை அத்தோடு போயிற்று. லிப்டரை மேலிருந்து அமுக்குகிற இரும்புக் கையை நானே தள்ளிவிட்டு, ஒரு லிப்டரை இழுத்து வெளியே எடுத்தேன். துணியால் துடைத்தேன். லிப்டருக்கு இடுப்பில் சுற்றிலும் ஒரு பள்ளம் இருக்கும். பள்ளத்தில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். ஆயில் உள்ளே போக அது ஒன்றுதான் வழி. துடைத்துப் பார்த்தால் ஓட்டையைக் காணோம். அந்த இடத்தில் மஞ்சளாக ஒரு வட்டம், வட்டத்தின் நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி.

சந்தனப் பொட்டு. மேலே குங்குமம்.

அடுத்ததை எடுத்தேன். அதற்கும் நெற்றி நிறைய மங்களம். எட்டும் கோயிலுக்குப் போய்விட்டு வந்த மாதிரி வரிசையாக நின்றன. கேஸ்கெட் பசையில் குழைத்த சந்தனம் கல்லாக இறுகிப் போயிருந்தது. மேஸ்திரி பொட்டு வைக்க நல்ல இடம் தேடியிருக்கிறார். ஓட்டையைப் பார்த்ததும் சாமியே இடம் காட்டிவிட்டதாக நினைத்திருக்கிறார். என் ஆயில் டின்னைத் தூக்கி அதன் மேலிருந்த பொட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

வேறு யாராக இருந்தாலும் தலையைக் குனிந்திருப்பான். மேஸ்திரி லிப்டரை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களாய்யா! கொதிக்கற ஆயிலு, உள்ள அத்தன பிரஷரு, ஒரு துளி கரைஞ்சுதா? ஓரம் உதிந்துதா? ராக்கெட்டுக்கு அடைப்பு வெக்கறதுக்குச் சப்பான்காரன் இதத்தான்யா தேடீட்டு இருக்கறான்!"

மயிலாத்தா தன் தாலிக்கொடியில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"எட்டு இருக்குதுங்ணா. உக்காந்து சுரண்டுங். ஒவ்வொண்ணா ஊதிக் காட்டோணும்."

உட்கார்ந்தார். அந்தக் குரலுக்கு யாரும் உட்காருவார்கள். பொட்டு லேசில் வரவில்லை. பெட்ரோலில் ஊறப் போட்டார், கரையவில்லை. மண்ணெண்ணெயில் போட்டார், கரையவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் சொன்னதில் அந்த ஒன்றுதான் நிஜம். அதுவும் அவரைப் பழி வாங்கியது. ஊக்கு வளைந்தது. அவர் குனிந்து சுரண்ட, நாச்சிமுத்து பக்கத்தில் நின்று, "அது மூணாவதா மேஸ்திரி? காதுல வெச்சுப் பாத்துச் சொல்லு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

சுரண்டிக் கழுவிய லிப்டர்களை மயிலாத்தா என் ஆயிலில் முக்கி, குமிழி வருவது நிற்கிறவரை கட்டைவிரலால் அமுக்கி அமுக்கி எடுத்தாள். பிறகு அமுங்க மறுத்தன, கல்லாக நின்றன. மேஸ்திரி பேசாமல் திருப்பிப் பூட்டினார். பேசாமல் அவர் செய்த வேலை நான் பார்த்து அது ஒன்றுதான். நல்ல வேலையாகவே இருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சாவியைத் திருகினாள். கொஞ்ச நேரம் தட்டியது. பிறகு ஒவ்வொன்றாக அடங்கியது; இன்ஜின் ஓடுகிறதா என்று கையை வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. மயிலாத்தா போனை எடுத்து அந்த வீட்டம்மாவைக் கூப்பிட்டு, இன்ஜினுக்குப் பக்கத்தில் நீட்டினாள்.

"இப்ப ஏதாச்சுங் கேக்குதுங்களா? … கேக்குலீங்ளா? வண்டி ஓடீட்டுத்தான் இருக்குதுங்க. காலையில எப்பவும் போல புள்ளைய வாசல்ல நிக்கச் சொல்லுங்க."

போனை வைத்துவிட்டு முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். அப்போதுதான் அவள் எவ்வளவு பயந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

நாச்சிமுத்து ஏணியைக் கொண்டுவந்து போர்டுக்குக் கீழே சாத்தினார். மேஸ்திரி ஏணியைப் பார்த்தார். போர்டில் இருந்த காதைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"போர்டு என்னய்யா போர்டு! ஒருக்கா ஊட்டியில இப்படித்தான், ஒரு ஏணியில நான் ஏற…"

வேனின் கதவைச் சாத்திக்கொண்டிருந்த மயிலாத்தா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "ஏனுங்ணா, அந்தச் சந்தனம் மிச்சமிருக்குதுங்ளா?"

மேஸ்திரிக்கு உயிர் வந்துவிட்டது. "கிண்ணம் நெறைய இருக்குது அம்மிணி! வண்டி முன்னால ஒரு பொட்டு வெச்சுடட்டா?"

"வண்டிக்கு வேண்டாங்ணா. உங்க வாயில வெச்சுக்குங். ஆயிலே உள்ள போகாம நின்னுது, பொய்யி வெளிய வராம நிக்குதான்னு பாக்கலாம்."